இரும்பு வைத்திருக்கும் உறைமோர்

பழைய ஃபோர்டு 8என் டிராக்டரைச் செப்பனிட்டு முடித்தவர்களுக்கு ஒரு விசித்திரமான தொல்லை நேர்வதுண்டு. டைனமோவைக் கழற்றிச் சுத்தம் செய்து, புது கார்பன் பிரஷ் போட்டுத் திரும்ப மாட்டியிருப்பார்கள். பெல்ட் இறுக்கமாக இருக்கும். வயர்கள் புதியவை, பேட்டரி நிறைந்திருக்கும். எஞ்சின் ஓடும், டைனமோவும் சுழலும். ஆனால் அம்மீட்டர் முள் மட்டும் பூஜ்யத்தைவிட்டு நகராது. விவரம் தெரிந்த மெக்கானிக் வந்தால் முதலில் எஞ்சினை நிறுத்தச் சொல்வார். ஒரு துண்டு வயரை எடுத்து, டைனமோவைப் பேட்டரியோடு இணைக்கும் கட்-அவுட்டின் இரண்டு முனைகளுக்கு நடுவே கண் இமைக்கும் நேரம் தொட்டு எடுப்பார். சின்னதாய் ஒரு பொறி பறக்கும். மறுபடி எஞ்சினை ஓட்டினால் முள் சார்ஜ் பக்கம் சாய்ந்து நிற்கும்.

உதிரிபாகம் எதுவும் மாறவில்லை. ஒரு திருகுகூடத் திருகப்படவில்லை. அந்த ஒரு நொடியில் அவர் இயந்திரத்துக்குள் வைத்தது என்ன?

நம் வீட்டுப் பாட்டியிடம் கேட்டால் உடனே புரிந்துகொள்வார். அவர் வைத்தது உறைமோர்.

டைனமோ மின்சாரம் தர இரண்டு வேண்டும்: சுழலும் கம்பிச்சுருள் ஒன்று, அதைச் சுற்றி ஒரு காந்தப்புலம். சுருள் புலத்தை வெட்டிக்கொண்டு சுழலும்போது அதில் மின்னழுத்தம் பிறக்கிறது. மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டது இது. சுழலும் சுருளுக்கு ஆர்மேச்சர் என்று பெயர், அதைச் சுழற்றுவது எஞ்சின். காந்தம் எங்கிருந்து வருகிறது? டிராக்டர் டைனமோவுக்குள் நிலைக்காந்தம் கிடையாது. உள்சுவரில் திருகப்பட்ட இரும்புத் துண்டுகளைச் சுற்றிக் கம்பி சுற்றியிருக்கும். அந்தக் கம்பியில் மின்சாரம் ஓடினால் இரும்பு காந்தமாகும். அந்த மின்சாரத்தைக் கொடுப்பதோ அதே டைனமோதான். காந்தம் இருந்தால்தான் மின்சாரம், மின்சாரம் இருந்தால்தான் காந்தம். வித்து முந்தியா மரம் முந்தியா என்ற கேள்வியை ஒரு இரும்பு உருளைக்குள் அடைத்து வைத்தது போல இருக்கிறது.

இந்த முடிச்சை அவிழ்ப்பது இரும்பின் ஒரு குணம். இரும்புக்குள் கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற சிறு வட்டாரங்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். சாதாரணமாக ஒவ்வொன்றும் ஒரு திசையைப் பார்த்துக் கிடக்கும், ஒன்றின் வலிமையை இன்னொன்று அழித்துவிடும். சுற்றியிருக்கும் கம்பியில் மின்சாரம் பாய்ந்தால் அவை ஒரே பக்கம் திரும்புகின்றன. மின்சாரத்தை நிறுத்தியதும் பெரும்பாலானவை பழையபடி கலைந்துவிடும். எல்லாமும் கலைவதில்லை. ஒரு சிறு பகுதி திரும்பிய திசையிலேயே நின்றுவிடுகிறது. இதை மிச்சக் காந்தம் என்று சொல்லலாம்.

அடுத்த முறை டைனமோ சுழலத் தொடங்கும்போது இந்த மிச்சம்தான் முதலீடு. மெலிந்த அந்தப் புலத்தில் ஆர்மேச்சர் சுழன்று அற்ப மின்னழுத்தத்தை உண்டாக்கும். அது சுற்றுக்கம்பிக்குப் போய்க் காந்தத்தைச் சற்று வலுவாக்கும். வலுத்த காந்தம் இன்னும் கொஞ்சம் மின்சாரம் தரும். இப்படியே ஏறி ஏறி, இரும்பு இதற்குமேல் தாங்காது என்ற நிலையில் ஏற்றம் அடங்கும். சில கணங்களில் இது நடந்து முடிந்துவிடும். ஒரு கரண்டி மோர் ஒரு பானைப் பாலைத் தயிராக்குவதும், அந்தத் தயிரிலிருந்தே மறுநாளைக்கு ஒரு கரண்டி எடுத்து வைப்பதும் இதே கணக்குதான். டைனமோவும் ஒவ்வொரு முறை நிற்கும்போது நாளைக்கென்று கொஞ்சம் இரும்பில் விட்டுவைத்துவிட்டே நிற்கிறது.

வெகுகாலம் கொட்டகையில் கிடந்தாலோ, கழற்றி மாட்டும்போது அடிபட்டாலோ அந்த மிச்சம் மங்கிப்போகும். உறைமோர் தீர்ந்த வீட்டில் என்ன செய்வோம்? பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி கடன் வாங்குவோம். மெக்கானிக் செய்ததும் அதேதான். பேட்டரியிலிருந்து ஒரு நொடி மின்சாரத்தைக் கடனாக டைனமோவின் சுற்றுக்கம்பிக்குள் செலுத்தினார். சிறு வட்டாரங்கள் திரும்பின, கொஞ்சம் மிஞ்சியது. எந்த முனைகளைத் தொட வேண்டும் என்பது டைனமோவுக்கு டைனமோ மாறும், அதை அந்தந்த வண்டியின் கையேட்டில்தான் பார்க்க வேண்டும். தத்துவம் எல்லாவற்றுக்கும் ஒன்றே.

இந்தத் தத்துவம் உலகுக்கு வந்த விதமும் அழகானது. வெர்னர் சீமன்ஸ் இதை 1867 ஜனவரியில் பெர்லின் அறிவியல் கழகத்துக்கு எழுதி அனுப்பினார். அடுத்த மாதம் 14-ஆம் தேதி லண்டன் ராயல் சொசைட்டியில் அவருடைய தம்பி வில்லியம் அதை எடுத்துரைத்தார். அதே நாள் அதே அவையில் சார்லஸ் வீட்ஸ்டனும் தனியாகக் கண்டறிந்த இதே கருத்தைப் படித்தார். நிலைக்காந்தம் இல்லாமலே மின்சாரம் ஆக்கலாம் என்று தெரிந்த பிறகுதான் பெரிய மின்னாக்கிகள் சாத்தியமாயின.

இரும்பில் தங்கும் இந்த மிச்சத்துக்கு ஒரு திசை உண்டு. அதுதான் பழைய டிராக்டர்களில் பல வம்புகளுக்கு வேர். அது புரிய, அந்த வண்டிகள் பிறந்த கதையை முதலில் பார்க்க வேண்டும்.

ஹென்றி ஃபோர்டும் அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசனும் 1938-இல் எழுத்தில் எதுவும் இல்லாமல் கைகுலுக்கி ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள். அதிலிருந்து 1939-இல் 9என், போர்க்காலத்தில் 2என் என்று டிராக்டர்கள் வந்தன. உடன்பாடு முறிந்தபின் 1947 முதல் 1952 வரை 8என் வந்தது. 8என் மட்டும் 5 லட்சத்துக்கு மேல் விற்றது. ஃபெர்குசன் இங்கிலாந்தின் கோவன்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை செய்வித்த சாம்பல் நிற டிஇ20 வண்டிகளும் 5 லட்சத்தைத் தாண்டின. (சென்னை டாஃபே நிறுவனம் 1960-இல் தொடங்கப்பட்டபோது கைகோத்தது இவர் பெயரைத் தாங்கிய மாஸி ஃபெர்குசனோடுதான். நம் வயல்களில் ஓடிய சிவப்பு டிராக்டர்கள் அந்தச் சாம்பல் வண்டியின் வழித்தோன்றல்கள்.) எழுபது எண்பது வயதாகியும் இவற்றில் பல இன்றும் ஓடுகின்றன. அந்த மூன்று என் வரிசை வண்டிகளும் தொழிற்சாலையிலிருந்து 6 வோல்ட் பேட்டரியோடு வந்தன. அதன் நேர்முனைதான் வண்டியின் இரும்பு உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. மெக்கானிக் மொழியில் சொன்னால் பாசிட்டிவ் எர்த்.

இன்றைய கார்கள் பெரும்பாலும் 12 வோல்ட், நெகட்டிவ் எர்த். அன்றைக்கு அப்படி ஒரு பொது வழக்கம் இல்லை. நேர்முனையை எர்த் செய்ததற்கு அரிமானம் குறையும் என்பது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. தொலைபேசி நிலையங்கள் அதே காரணத்துக்காக 48 வோல்ட் பேட்டரியின் நேர்முனையை எர்த் செய்யும் வழக்கத்தை வைத்துக்கொண்டன. வண்டிகளில் டிரான்சிஸ்டரும், டயோடு வைத்த ஆல்டர்னேட்டரும் வந்த பிறகு உலகம் நெகட்டிவ் எர்த்தில் ஒன்றுசேர்ந்தது. டயோடு திசை தவறினால் எரிந்துவிடும். பழைய டிராக்டர் அப்படி எரியாது. தவற்றை வாங்கி வைத்துக்கொள்ளும், வெளியே காட்டிக்கொள்ளாது. ஆபத்து அங்கேதான்.

இப்படிப் பாருங்கள். பழக்கதோஷத்தில் ஒருவர் 8என் பேட்டரியைத் தலைகீழாக மாட்டிவிடுகிறார். ஸ்டார்ட்டர் எதிர்ப்பக்கம் சுற்றும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். சுற்றாது. எப்போதும் சுற்றும் பக்கமே சுற்றும். செல்ஃப் மோட்டாரில் வெளிச்சுருளும் உள்சுருளும் ஒரே வரிசையில் இணைந்தவை. மின்சாரத்தின் திசை மாறினால் இரண்டு காந்தங்களும் சேர்ந்தே தலைகீழாகும், அவற்றுக்கிடையே தள்ளும் திசை மாறாது. பிளக்கிலும் பொறி பறக்கும், வழக்கத்தைவிடக் கொஞ்சம் சோம்பலாக. சூடான நடுமுனையிலிருந்து எலக்ட்ரான் கிளம்புவது எளிது, இப்போது அது எதிர்ப்புறத்திலிருந்து கிளம்ப வேண்டியிருக்கும். இருந்தாலும் எஞ்சின் பிடித்துவிடும். எல்லாம் நன்றாக இருப்பதாகவே தோன்றும். டைனமோ மட்டும் பழைய திசையை இரும்பில் வைத்திருக்கிறது. அது உண்டாக்கும் 6 வோல்ட் பேட்டரியின் 6 வோல்டுக்கு எதிராக நிற்காமல் அதோடு சேர்ந்துகொள்ளும். கட்-அவுட் மூடும்போது அதன் வழியே பெரும் மின்னோட்டம் பாயும், பாயிண்ட்டுகள் கருகி ஒட்டிக்கொள்ளும். பேட்டரி முனையைத் திருப்பினால் டைனமோவுக்கும் புதுத் திசையைச் சொல்லியாக வேண்டும்.

இனி கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்யும் விஷயத்துக்கு வருவோம். பேட்டரி டௌன் ஆன வண்டிக்கு இன்னொரு வண்டியிலிருந்து இரண்டு கேபிள் போட்டு உயிர் கொடுப்பது இன்று எல்லாருக்கும் தெரிந்த வேலை. பழைய டிராக்டரில் அந்தப் பழக்கம் மூன்று இடங்களில் தவறாகிப்போகிறது.

முதல் இடம் கேபிளின் தடிமன். 1200 வாட் திறன் இழுக்கும் ஸ்டார்ட்டர் என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்டில் அதற்கு 100 ஆம்பியர் போதும். 6 வோல்டில் 200 வேண்டும். கேபிளிலும் இணைப்புகளிலும் சேர்த்து ஓர் ஓமில் நூற்றில் ஒரு பங்கு தடை இருக்கிறது என்றால், 12 வோல்ட் வண்டியில் வழியில் தொலைவது 1 வோல்ட், பன்னிரண்டில் ஒன்று. 6 வோல்ட் வண்டியில் தொலைவது 2 வோல்ட், மூன்றில் ஒன்று. வெப்பமாய் வீணாவது 100 வாட்டுக்குப் பதில் 400. அதனால்தான் 6 வோல்ட் டிராக்டருக்குக் கட்டைவிரல் பருமனில் கேபிள் தேவைப்படுகிறது. கார் உதிரிபாகக் கடையில் கிடைக்கும் மெல்லிய கேபிளைப் போட்டுவிட்டு வண்டி எடுக்கவில்லை என்று அலுத்துக்கொள்வது, சொட்டு நீர்க்குழாயில் வயல் நிரப்பப் பார்ப்பது மாதிரி. பழைய 6 வோல்ட் அமைப்பே உதவாது என்று எல்லாவற்றையும் 12-க்கு மாற்றுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் பழி தவறான இடத்தில் விழுகிறது என்பது என் எண்ணம். துரு ஏறிய எர்த் பட்டையும், வெண்பொடி பூத்த முனைகளும், மெலிந்த கேபிளும்தான் குற்றவாளிகள். அவற்றைச் சுரண்டிச் சுத்தம் செய்தால் அந்த வண்டிகள் பிறந்த நாளில் எடுத்தது போலவே எடுக்கும்.

இரண்டாவது, 6 வோல்ட் வண்டிக்கு 12 வோல்ட் கொடுப்பது. ஸ்டார்ட்டர் இதைக் கொஞ்ச நேரம் தாங்கும். 1912 காடிலாக் காருக்கு மின் ஸ்டார்ட்டர் அமைத்த சார்லஸ் கெட்டரிங் அதற்கு முன்பு கல்லாப்பெட்டி இயந்திரம் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தவர். கல்லாப்பெட்டியைத் திறக்கும் மோட்டார் நாள் முழுதும் ஓட வேண்டாம், சில நொடிக்கு மட்டும் அளவுக்கு மீறி உழைத்தால் போதும். அந்த எண்ணம்தான் சிறிய மோட்டாரால் பெரிய எஞ்சினைச் சுழற்ற வழிவிட்டது. செல்ஃபைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இருக்கக் கூடாது என்பதற்குக் காரணமும் அதுதான். ஆனால் மின்னழுத்தம் இரட்டிப்பானால் இவ்வகை மோட்டாரின் முதல் முறுக்கு விசை இரண்டு மடங்கோடு நிற்காது. அதன் இரும்பு காந்தத்தால் நிறையாத வரை நான்கு மடங்கை நெருங்கும். அந்த விசையோடு ஸ்டார்ட்டரின் பெண்டிக்ஸ் பல்சக்கரம் போய் ஃபிளைவீல் பற்களில் மோதும். பல் உடைந்தால் எஞ்சினையே பிரிக்க வேண்டிவரும். லைட்டு பல்புகள் போய்விடும். கூடவே, சேர்ந்திருக்கும் 6 வோல்ட் பேட்டரிக்குள் 12 வோல்ட் நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் திணிக்கும். உள்ளே நீர் உடைந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கொப்பளிக்கும்.

காற்றில் 4 விழுக்காடு ஹைட்ரஜன் கலந்தாலே தீப்பிடிக்கும். கடைசி கிளிப்பை மாட்டும்போது வரும் பொறி பேட்டரி மேலேயே வந்தால் போதும், பெட்டி வெடித்து அமிலம் முகத்தில் தெறிக்க. கடைசி கிளிப்பைப் பேட்டரியில் போடாமல் தள்ளி எஞ்சின் இரும்பில் போடச் சொல்வது இதற்குத்தான். 8என் வண்டியில் அந்தக் கடைசி கிளிப் சிவப்பு. எஞ்சின் இரும்பே அங்கே நேர்முனை. கறுப்புதான் எர்த் என்று கை பழகிப்போனவர்கள் இங்கே ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டும்.

மூன்றாவது எனக்கு எல்லாவற்றிலும் வியப்பானது. உதவ வந்த காரின் பம்பர் டிராக்டரின் இரும்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, அல்லது இழுவைச் சங்கிலி இரண்டையும் இணைத்தபடி கிடக்கிறது என்று வையுங்கள். கார் உடல் எதிர்முனை, டிராக்டர் உடல் நேர்முனை. இரண்டும் தொட்டாலும் ஒன்றும் ஆகாது, சுற்று இன்னும் முழுமையாகவில்லை. இப்போது முறைப்படி, நேருக்கு நேர் என்று ஒரே ஒரு கேபிளை மாட்டுகிறீர்கள். அந்தக் கணமே காரின் நேர்முனை டிராக்டர் உடல் வழியாக, சங்கிலி வழியாக, காரின் எதிர்முனைக்கே வந்து சேர்ந்துவிடும். முழு ஷார்ட். எதிருக்கு எதிர் என்று மாட்டினால் டிராக்டர் பேட்டரி ஷார்ட் ஆகும். கேபிளைச் சரியான முனைகளில் மாட்டியும் தவறு நடக்கும் இடம் இது. ஆகவே இரண்டு வண்டியும் ஒன்றையொன்று தொடக் கூடாது. ரப்பர் டயரில் தள்ளி நிற்கட்டும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை என்ற புகாரும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. 6 வோல்ட் பேட்டரியைச் செல்ஃப் உறிஞ்சும்போது அது 4 வோல்ட் அருகே சரிந்துவிடலாம். பொறி உண்டாக்கும் காயிலுக்கும் அந்த மிச்சம்தான். காயிலின் முதல் கம்பியில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கையில் அதை அறுக்கும் பாயிண்ட் திறக்கிறது, காந்தப்புலம் சரிகிறது. அந்தச் சரிவு ஆயிரக்கணக்கான சுற்றுகளுள்ள இரண்டாம் கம்பியில் பல்லாயிரம் வோல்டாக எழுகிறது. நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடும் நான்கு சிலிண்டர் எஞ்சினில் பாயிண்ட் நிமிடத்துக்கு 4000 முறை திறந்து மூட வேண்டும். முதலில் நுழைந்த மின்சாரம் மெலிந்தால் எழும் பொறியும் மெலியும். மாக்னெட்டோ வைத்த வண்டிகளுக்கு இந்தக் கவலை இல்லை. அதற்குள் நிலைக்காந்தம் உண்டு, பேட்டரியே வேண்டாம். இரண்டாம் உலகப் போரின்போது தட்டுப்பாட்டால் ஃபோர்டு 2என் வண்டிகளில் சில பேட்டரி, டைனமோ, செல்ஃப் எதுவுமில்லாமல் மாக்னெட்டோவும் இரும்புச் சக்கரமுமாக வந்தன. ஹேண்டில் போட்டுச் சுற்றினால் போதும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். கேபிள் போட்டும் எடுக்கவில்லை என்றால் சிலர் பெரிய சக்கரத்துக்கு முன்னால் தரையில் நின்றுகொண்டு ஸ்குரூடிரைவரால் செல்ஃப் முனைகளைச் சேர்ப்பார்கள். கியர் விழுந்திருப்பது கவனத்தில் இருக்காது. எஞ்சின் பிடித்த நொடியில் டிராக்டர் முன்னேறி அவர் மேலேயே ஏறிவிடும். இப்படிப் பல உயிர்கள் போயிருக்கின்றன. ஃபெர்குசன் டிஇ20-இல் இதற்கு ஓர் அருமையான ஏற்பாடு உண்டு. அதில் ஸ்டார்ட் பொத்தானே கிடையாது. கியர் கம்பியில் முதல், இரண்டாம், மூன்றாம் கியர் போல 'எஸ்' என்றும் ஓர் இடம் இருக்கும். கம்பியை அங்கே தள்ளினால்தான் செல்ஃப் சுற்றும், அங்கே இருக்கும்போது வேறெந்தக் கியரும் விழ வழியில்லை. கையெழுத்தில்லாமல் கைகுலுக்கியே வியாபாரம் பேசிய அந்த மனிதர் தன் வண்டியை ஓட்டுகிறவரின் உயிர் விஷயத்தில் எதையும் வாய்வார்த்தைக்கு விடவில்லை. ஸ்குரூடிரைவரால் முனைகளைச் சேர்ப்பவர் அந்தக் காவலைத் தாண்டிப்போகிறார்.

உங்கள் கொட்டகையிலோ, தெரிந்தவர் தோட்டத்திலோ இப்படி ஒரு பழைய டிராக்டர் நின்றால், கேபிளைக் கையில் எடுக்குமுன் இரண்டைப் பாருங்கள். பேட்டரியின் மேல் எத்தனை மூடி என்று எண்ணுங்கள். ஒவ்வொரு மூடிக்கும் கீழே ஓர் அறை, ஒவ்வோர் அறையும் 2 வோல்ட். மூன்று மூடி என்றால் 6 வோல்ட், ஆறு என்றால் 12. பிறகு, இரும்பு உடலுக்குப் போகும் பட்டை எந்த முனையிலிருந்து புறப்படுகிறது என்று பாருங்கள். இரண்டும் உறுதியான பிறகு, அதே வோல்ட் உள்ள வண்டியை மட்டும் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துங்கள். ஒன்றில் சந்தேகம் வந்தாலும் பேட்டரியைக் கழற்றி மெதுவாகச் சார்ஜ் போடுங்கள். ஒரு ராத்திரி காத்திருந்தால் காலையில் டிராக்டர் எடுக்கும்.